பக்கத்துத் தெருவில் ஒரு தாய்ச்சி வகுப்பு: வாசகர் கேள்விகள்

மெதுவான அசைவுகளால் ஆன சீனக் கலையான தாய்ச்சிக்கு வகுப்பு தொடங்குவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் "நானும் தொடங்கலாமா?" என்கிறார்கள். மீதிப் பேர் "தொடங்கினேன், படுத்துவிட்டது, ஏன்?" என்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையுமே போடவில்லை.

கே: இரண்டு வருடமாக ஒருவரிடம் 24 அசைவு வடிவத்தை, அதாவது 24 அசைவுகளை வரிசையாகத் தொடர்ந்து செய்வதை, தாய்ச்சியில் கற்றேன். அவர் இடம் மாறிப் போய்விட்டார். எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் "நீங்களே சொல்லிக் கொடுங்க" என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா?

ப: உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் உரிமம் என்று தாய்ச்சிக்கு எதுவும் கிடையாது. சீன வூஷூ (சீனச் சண்டைக் கலைகள்) சங்கம் ஒன்பது 'டுவான்' தர நிலைகள் வைத்திருக்கிறது, தனித்தனிப் பள்ளிகள் தங்கள் பாணிக்குச் சான்றிதழ் தருகின்றன, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்கும் கூடத்தின் நிர்வாகம் சான்றிதழோ காப்பீடோ கேட்கலாம், அதை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மற்றபடி உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். வீடியோ, ஆசிரியர், பக்கத்தில் நிற்பவர் என்று யாரையும் பார்க்காமல் வடிவம் முழுவதையும் செய்ய முடிகிறதா? ஐந்தாறு நிமிடத்தில் முடியும் அந்த வடிவத்தைப் பத்து நிமிடமாக இழுத்துச் செய்தால் கால் ஆடாமல் நிற்கிறதா? யாராவது ஒன்று கேட்டால் "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று வாய் கூசாமல் சொல்வீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஆரம்பிக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முதல் இரண்டும் பயிற்சியில் வந்துவிடும், மூன்றாவது சிலருக்கு இருபது வருடமானாலும் வராது.

ஒரு யோசனை. அதை 'வகுப்பு' என்று சொல்லாமல் 'பயிற்சிக் குழு' என்று சொல்லித் தொடங்குங்கள். உங்களை 'மாஸ்டர்' என்று கூப்பிட விடாதீர்கள். போய்விட்ட ஆசிரியரிடம் மாதம் ஒரு முறையாவது வீடியோ அழைப்பில் உங்கள் அசைவுகளைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதும் நம் பயிற்சி குறையும், நாம் செய்யும் தப்பும் எட்டுப் பேரின் உடம்பில் பதிந்துவிடும்.

கே: என் வீட்டுக்காரர் "சி என்றால் ஏதோ சக்தியாம், காற்றிலிருந்து வருமாம்" என்று கிண்டல் செய்கிறார். வகுப்பில் இதையே யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ப: உங்கள் வீட்டுக்காரர் மட்டுமல்ல, பல வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பவருக்கே இந்தக் குழப்பம் உண்டு. தாய்ச்சியில் வரும் 'சி' வேறு, மூச்சு அல்லது உயிர்ச்சக்தி என்று சொல்லப்படும் 'சி' வேறு. சீன எழுத்தில் இரண்டும் இரண்டு எழுத்து. முழுப் பெயர் தாய்ஜிசுவான். 'தாய்ஜி' என்றால் உச்சத்துக்கும் உச்சமான எல்லை, அதாவது யின், யாங் என்னும் எதிரெதிர்த் தன்மைகள் இரண்டும் பிரியும் மூலம். 'சுவான்' என்றால் முஷ்டி. அப்படியானால் இது ஒரு சண்டைக் கலையின் பெயர்தானே? ஆமாம், சண்டைக் கலைதான்.

ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த ஒரு கிராமத்தில், 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதுதான் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரலாறு. அங்கே போய்க் கற்ற யாங் லூசான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ காலத்தில்தான் இன்று பூங்காக்களில் பார்க்கிற அகலமான, சீரான, மெதுவான வடிவம் பரவியது. 1956இல் சீன விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவாக்கியது, சாதாரண மக்கள் சீக்கிரம் கற்க வேண்டும் என்பதற்காகவே. நீங்கள் சொல்லிக் கொடுக்கப் போவது அநேகமாக அதைத்தான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய்ஜிசுவானை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வகுப்பில் யாராவது சக்தி பற்றிக் கேட்டால் நான் சொல்வது இதுதான்: "பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், சக்தியைப் பிறகு தேடலாம்."

கே: எங்கே நடத்துவது, எத்தனை பேர், எத்தனை மணிக்கு? பூங்கா நல்லதா, கூடம் நல்லதா?

ப: பார்க்க அழகு பூங்கா. சொல்லிக் கொடுக்கச் சௌகரியம் கூடம். என் முதல் வகுப்பைப் புல்தரையில்தான் வைத்தேன். காலையில் புல் ஈரமாக இருக்கும் என்பது தெரியாமல் இல்லை, ஆனால் அழகுக்கு ஆசைப்பட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் பின்பக்கமாகக் கால் வைக்கும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் எழுந்தார், ஆனால் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வந்தவரை நானே விழ வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தரையைத் தொட்டுப் பார்க்காமல் வகுப்பைத் தொடங்குவதில்லை.

சமதளமான, காய்ந்த, ரொம்பவும் வழவழப்பில்லாத தரை. கம்பளம் வேண்டாம், பாதம் திரும்பாது, முழங்கால்தான் முறுகும். கனமான ஓட்டச் செருப்பும் வேண்டாம், அடிப்பாகம் தட்டையான லேசான ஷூ போதும். ஆளுக்கு இரண்டு மீட்டர் சதுரம் வைத்துக் கணக்குப் போடுங்கள், பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே ஆள் பார்க்க முடியாது. சுவரோரமாக நாலைந்து நாற்காலி கட்டாயம், உட்காரவும் பிடித்துக்கொள்ளவும். இடத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை, பொறுப்பானவர் மாறியதும் காணாமல் போகும்.

நேரம் எதுவானாலும் சரி, ஆனால் மாற்றாதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், அதே நாள், அதே நேரம். "இந்த வாரம் மட்டும் வியாழனுக்குப் பதில் வெள்ளி" என்று ஒரு தடவை சொன்னால் மூன்று பேர் கழன்றுகொள்வார்கள்.

கே: முதல் சில வாரங்களில் என்னென்ன சொல்லித் தரலாம்? நான் போட்ட திட்டம்: நாளுக்கு ஒரு அசைவு, பன்னிரண்டு வாரத்தில் 24ம் முடிந்துவிடும்.

ப: வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம், 24. கணக்கு சரி. வகுப்புதான் மிஞ்சாது. இதே கணக்கைப் போட்டவன் நான், ஆறாவது வாரம் என் முன்னால் நாலு பேர் நின்றார்கள். ஒரு நாள் வராதவர் அடுத்த நாள் வந்தபோது ஒரு அசைவு பின்தங்கியிருந்தார், இரண்டு நாள் வராதவர் வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே போய்விட்டார்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், முதல் இரண்டு வாரம் வடிவமே கிடையாது. நிற்பது, நடப்பது, அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். இடுப்பகலத்துக்குக் கால், முழங்கால் பூட்டாமல், தோள் இறங்கி, உச்சந்தலையில் ஒரு நூல் கட்டி மேலே தொங்கவிட்ட மாதிரி கழுத்து. ஒரு நிமிடம் இப்படி நின்றாலே யார் தோளைக் காதுக்குத் தூக்கி வைத்திருக்கிறார், யார் பெருவிரலால் தரையைப் பிறாண்டுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் பாரம் மாற்றுவது. வலது காலில் முழுப் பாரமும் போகட்டும், இடது கால் காலியாகட்டும், காலியானது உறுதியான பிறகு மட்டும் தூக்கட்டும். பூனை நடப்பது போல, முதலில் குதிகால் தொடும், தொடும்போது பாரம் இருக்காது, வேண்டாம் என்றால் அந்தக் காலைத் திரும்ப எடுத்துவிட முடியும், பிறகுதான் பாதம் முழுக்கப் படியும், பிறகுதான் உடம்பு மெல்ல அங்கே போகும். சாதாரண நடையில் நாமெல்லாம் முன்னால் விழுந்து விழுந்துதான் காலைப் போட்டுத் தாங்குகிறோம். இது அப்படியல்ல என்று ஒருவருக்குப் புரியும் நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து வடிவத்தின் முதல் நான்கைந்து அசைவு மட்டும். அதையே மூன்று மாதம் வரைக்கும். ஒவ்வொரு வகுப்பும் முதல் அசைவிலிருந்தே தொடங்கட்டும், அப்போதுதான் போன வாரம் வராதவரும் இன்று சேர்ந்து நிற்கலாம். வகுப்பை யாருக்காக நடத்துகிறோம்? எல்லா நாளும் வருபவருக்காக இல்லை, அவர் எப்படியும் வருவார். ஒரு வாரம் விட்டுவிட்டுக் கதவோரம் தயங்கி நிற்கிறாரே, அவருக்காக.

கே: நான் அவர்களைப் பார்த்து நின்று செய்தால் இடம் வலம் குழம்புகிறது. முதுகைக் காட்டி நின்றால் யார் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. எது சரி?

ப: இரண்டும் வேண்டும், நேரம்தான் வேறு. புது அசைவைக் காட்டும்போது முதுகைக் காட்டுங்கள், அவர்கள் அப்படியே பார்த்துச் செய்வார்கள். திருத்தும்போது எதிரே நின்று கண்ணாடி போலச் செய்யுங்கள், நீங்கள் "வலது கை" என்று சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்க வேண்டியிருக்கும், வீட்டில் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். நான் இன்னும் உளறுகிறேன், அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

உண்மையான சிக்கல் திரும்பும் இடங்களில்தான். 24 வடிவம் பெரும்பாலும் பக்கவாட்டில் போகிறது, குருவியின் வாலைப் பிடிக்கும் அசைவில் இடதும் வலதுமாகத் திசை மாறுகிறது, கடைசியில் ஒரு பெரிய திருப்பம் வருகிறது. முன்வரிசையில் இருந்தவர் திடீரென்று பின்வரிசை ஆகிவிடுவார், பார்த்துச் செய்ய ஆளில்லாமல் தலையை மட்டும் திருப்பித் தேடுவார், கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். அதனால் கொஞ்சம் தெரிந்தவர்கள் நாலு பேரை நான்கு மூலையில் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு ஒருவர் இருப்பார். தெரிந்தவர்கள் இல்லையா? இரண்டு மாதத்தில் உருவாகிவிடுவார்கள், மூலையில் நிறுத்தினாலே பாதி பேர் வீட்டில் பழகிவிட்டு வருவார்கள்.

கே: என் அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் பக்கத்தில் தொடங்கிய வகுப்பில் சேர்க்கலாமா? சேர்ந்த ஒருவருக்கு வலி அதிகமாகிவிட்டது என்கிறார்கள்.

ப: அம்மாவின் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, தலைசுற்றல், கட்டுப்படாத ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை அவர்தான் சொல்ல முடியும். அப்புறம் வகுப்பை ஒரு நாள் நீங்கள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

பார்க்க வேண்டியது ஆசிரியரின் அழகான கையை அல்ல, பின்வரிசையில் இருப்பவர்களின் முழங்காலை. முழங்கால் எப்போதும் அந்தப் பாதத்தின் விரல்கள் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது, விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. முன்னும் பின்னுமாக நிற்கும்போது இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் கயிற்றில் நடப்பது போலத் தள்ளாடும். தண்டவாளத்தில் ஆளுக்கொரு கம்பியில் கால் வைத்த மாதிரி இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், பாரம் இருக்கும் காலைத் திருப்புவது. தாய்ச்சியில் முழங்கால் வலி வந்தவர்களைக் கேட்டுப் பார்த்தால் அநேகமாக இந்தத் திருப்பம்தான் காரணமாக இருக்கும், இல்லையென்றால் படத்தில் பார்த்துவிட்டு அளவுக்கு மீறித் தாழ உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் இவற்றைக் கவனித்துத் திருத்துகிறாரா, "நிமிர்ந்தே நில்லுங்கம்மா, தாழ வேண்டாம்" என்கிறாரா? சேருங்கள். "வலித்தால்தான் பலன்" என்கிறாரா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூட்டு வலிக்காரர்களுக்கு சுன் பாணி பொருந்தும் என்பார்கள். சுன் லூடாங் உருவாக்கியது, நிலை உயரம், ஒரு கால் முன்னால் போனால் மற்றதும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும், அதனால் நீண்ட எட்டு கிடையாது. சிட்னியில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம் 1997இல் மூட்டு வலிக்காரர்களுக்கென்று ஒரு தொகுப்பு அமைத்தபோது இந்தப் பாணியைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். நிற்கவே முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து கையையும் இடுப்பையும் மட்டும் செய்யலாம். அதுவும் தாய்ச்சிதான், குறைச்சல் ஒன்றும் இல்லை.

கே: பலன் உண்டு என்பதற்கு நிஜமான ஆதாரம் இருக்கிறதா, அல்லது எல்லாம் வாட்ஸ்அப் சமாசாரமா?

ப: வாட்ஸ்அப் சமாசாரம் நிறைய. ஆதாரமும் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. விழுவதைத் தடுப்பதில்தான் பலமாக இருக்கிறது. அட்லாண்டாவில் 70 வயதைத் தாண்டிய 200 பேரை வைத்து நடந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. 15 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்கு, திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. 2012இல் ஓரிகானில் பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரிடம் நடந்தது இன்னொன்று. வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம். உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் குறைவாக விழுந்தார்கள். அதே ஆய்வில் எடை தூக்கிப் பயிற்சி செய்த குழுவோடு ஒப்பிட்டால் விழும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

வாரம் இரண்டு நாள், மூன்று முதல் ஆறு மாதம். இதைத்தான் விளம்பரத் தாளில் போடலாம். சர்க்கரை போகும், புற்றுநோய் தீரும் என்றெல்லாம் யாராவது போடச் சொன்னால் போடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள், அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்.

கே: இலவசமாக நடத்தலாமா, கட்டணம் வாங்கலாமா? காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ப: கூச்சத்தை விடுங்கள். இலவசம் என்றால் முதல் நாள் நாற்பது பேர் வருவார்கள், மூன்றாவது வாரம் மழை தூறினால் யாரும் வரமாட்டார்கள். கொடுத்த காசு மழையில் குடையைத் தேட வைக்கும். ஒரு மாதத்துக்கு என்று முன்கூட்டி ஒரு சிறு தொகை, முடியாதவர்களுக்கு இல்லை, அது யார் யார் என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கூடத்தின் வாடகை, காப்பீடு, நாற்காலிச் செலவு போக மிஞ்சுவது என்ன என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் கணக்கைக் காட்டிவிடுங்கள், கேட்காமலே. பணத்தில் உடைந்த வகுப்புகளில் பெரும்பாலும் தொகை ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை, கணக்குத் தெரியாததுதான் பிரச்சினை.

முதல் நாளிலேயே ஒரு தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்: வயது, உடம்பில் என்ன தொந்தரவு, என்ன மாத்திரை, அவசரம் என்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும். வகுப்பு நாளில் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் இருந்து பிரயோஜனம் இல்லை.

கே: என் வகுப்பில் ஒருவர் தினமும் யூடியூப் பார்த்துவிட்டு வந்து "இந்தக் கை இப்படி வரணும்" என்று பக்கத்தில் உள்ளவர்களைத் திருத்துகிறார். வயதில் பெரியவர், எப்படிச் சொல்வது?

ப: அவர் பார்த்தது தப்பாகவே இருக்காது, அதுதான் வம்பு. சென், யாங், வூ, இன்னொரு வூ, சுன் என்று ஐந்து பெரிய பாணிகள். ஒரே பெயருள்ள அசைவு ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி. ஒரே பாணிக்குள்ளும் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். அவரிடம் தனியாகப் போய், "ஐயா, அது வேறு பாணி, நன்றாகவே இருக்கிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கற்று முடிக்கும்வரை இன்னொன்று காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன், நீங்கதான் ஒத்துழைக்கணும்" என்று சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். சொன்ன கையோடு ஒரு வேலையும் கொடுங்கள், வருகைப் பதிவோ, புதிதாக வருபவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதோ. அறிவைக் கொட்ட இடமில்லாததால்தான் அவர் பக்கத்து ஆள் கையைப் பிடிக்கிறார். ஆமாம், இன்னொன்று: வகுப்பில் ஒருவர் உடம்பை இன்னொருவர் தொட்டுத் திருத்தக் கூடாது என்ற விதியைப் பொதுவாகவே அறிவித்துவிடுங்கள், நீங்களும் கேட்டுவிட்டே தொடுங்கள்.

கே: அசைவுகளின் பெயரைச் சீனத்தில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா? தமிழில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ப: சிரிக்கட்டுமே, சிரித்த பெயர் மறக்காது. சீனப் பெயர்களே படம்தான். காட்டுக் குதிரையின் பிடரி மயிரைப் பிரிப்பது, கொக்கு சிறகு விரிப்பது, மேகம் போலக் கை வீசுவது, பொன் சேவல் ஒற்றைக் காலில் நிற்பது, கடலடியில் ஊசி தேடுவது. "வலது கையை நெற்றிக்கு மேலே, இடது கையை இடுப்போரம், இடது முன்பாதம் மட்டும் தரையில்" என்று நான் ஒரு வாரம் கத்திப் பார்த்தேன், யாருக்கும் வரவில்லை. "கொக்கு" என்றேன், பன்னிரண்டு பேரும் கொக்காகிவிட்டார்கள். சொல்லப்போனால் அந்தச் சீனப் பறவை நாரை. ஆனால் நாரை என்றால் யோசிக்கிறார்கள், கொக்கு என்றால் நிற்கிறார்கள். 'ஒற்றைச் சாட்டை' மட்டும் எந்த மொழியில் சொன்னாலும் முதலில் புரியாது, ஐந்து விரலையும் குவித்துத் தொங்கவிடும் அந்தக் கையைக் காட்டிவிட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

கே: 22 பேருடன் தொடங்கினேன். நாலாவது மாதம் ஐந்து பேர். மூடிவிடலாமா?

ப: ஐந்து பேர் நாலு மாதம் வந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள், அது வேறு மாதிரி இருக்கும். நின்றுபோன 17 பேரில் நாலைந்து பேரையாவது கூப்பிட்டு, "ஏன் வரலை?" என்று கேட்காமல் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். காரணம் தானாக வரும். எனக்கு வந்த காரணங்கள்: மற்றவர்கள் எல்லாம் கற்றுவிட்டார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. பின்வரிசையில் நீங்கள் சொல்வது கேட்கவில்லை. கழிப்பறை பூட்டியிருக்கிறது. இந்த மூன்றாவதை நான் கனவிலும் நினைத்துப் பார்க்கவில்லை, சாவி வாங்கி வைத்ததும் இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள்.

புதியவர்களை எப்போது வேண்டுமானாலும் சேர்க்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கதவைத் திறங்கள், அப்போது இந்த ஐந்து பேரும் மூலைக்கொருவராக நிற்பார்கள், ஒருவர் மிச்சம்கூட. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை உலக தாய்ச்சி தினம் என்று பல நாடுகளில் அந்தந்த ஊர் நேரப்படி காலை பத்து மணிக்குச் செய்கிறார்கள், புது ஆட்களை அழைக்க அது ஒரு நல்ல சாக்கு.

கே: இசை போடலாமா? சீருடை வேண்டுமா? சண்டைப் பயிற்சியும் சேர்க்கலாமா?

ப: இசை வேண்டாம், போட்டால் எல்லோரும் தாளத்துக்கு ஓடுவார்கள், மூச்சு அவரவருக்கு வேறு. சீருடை வேண்டாம், தொடையைப் பிடிக்காத எந்த உடுப்பும் சரி. சண்டை என்றால், இருவர் கைகளை ஒட்டிவைத்து மெல்லத் தள்ளிப் பார்க்கும் பயிற்சி ஒன்று உண்டு, ஒரு வருடம் போகட்டும், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், நீங்களும் அதை யாரிடமாவது நேரில் கற்ற பிறகு.

கே: சொல்லிக் கொடுப்பவருக்கே உடம்பு சரியில்லை என்றால் அன்று வகுப்பை ரத்து செய்வதா?

ப: கூடாது. சாவி இன்னொருவரிடமும் இருக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்த முதல் ஐந்தாறு அசைவை அவர் முன்னால் நின்று செய்தால் போதும், புதிதாக எதுவும் சொல்லித் தர வேண்டாம்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். என் வகுப்பில் ஒரு அம்மா இருக்கிறார், முதல் மாதம் முழுக்க நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றவர். சாவி அவரிடம். காய்ச்சல் விட்டதும் மனசு கேட்கவில்லை, பாதி வகுப்பில் போய் சத்தமில்லாமல் பின்வரிசையில் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குரங்கை விரட்டிக்கொண்டு பின்னால் நடக்கும் அசைவு போய்க்கொண்டிருந்தது, நாலு முறை விரட்ட வேண்டும். அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஐந்தாவது முறையும் விரட்டினார். முன்னால் இருந்த பதினோரு பேரும் விரட்டினார்கள், நானும் விரட்டினேன்.